பொன்னாடையோடு முடிந்துவிடுமா?



சென்ற மாதம் நம் கிளைச் சங்கத்தின் செயற்குழு கூடியபோது ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டது. நம் ஊரில் வாழ்ந்து மறைந்த பாராசூட் படைவீரர் ஒருவருக்கு ஆண்டு விழா மேடையில் மரியாதை செய்ய வேண்டும். அவருடைய மனைவியை அழைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டும். வாசகசாலையில் அவர் படத்தைத் திறக்க வேண்டும் என்பதே தீர்மானம். ஐந்து நிமிடத்தில் கைதூக்கி முடிந்திருக்க வேண்டிய காரியம், இரவு ஒன்பதரை மணிவரை நீண்டது. சூடான வார்த்தைகள் வந்தன. இரண்டு தோழர்கள் சாயாகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

இந்த விவாதத்தைச் செயற்குழுவின் நான்கு சுவருக்குள் பூட்டி வைப்பதைவிட, உறுப்பினர்கள் எல்லோரும் அறிவது நல்லது என்று கருதியே இதை எழுதுகிறேன். எதிர்த்தவர்களும் நம் தோழர்களே. அவர்கள் கேட்டவை அற்பக் கேள்விகள் அல்ல. அவற்றுக்குப் பதில் சொல்லாமல் மாலை வாங்கப் போவது சங்கத்துக்கு அழகல்ல.

யார் அவர்?

குடும்பத்தார் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் அவருக்கு ஒரே பெயர்தான்: பட்டாளத்துப் பாட்டா. என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அவருடைய தாய் தகப்பன் விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்தவர்கள். மண் குழைத்த கையோடு வளர்ந்த பையன், பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் ஆர்டர்லி. பாராசூட் பயிற்சிக்குத் தாமாகவே பெயர் கொடுத்து, ஆக்ராவில் விமானத்திலிருந்து குதித்துப் பழகி, சிறகுச் சின்னம் பெற்றார். 60ஆவது பாராசூட் பீல்டு ஆம்புலன்ஸ் என்ற பிரிவில் கொரியாவுக்குப் போனார். ஏழாண்டு முடிந்ததும் ஆள்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பதினைந்து ஆண்டு சேவை இல்லாததால் ஓய்வூதியம் கிடையாது. மறுபடியும் சூளைதான்.

சூளையில் யாருக்காவது சுவர் சரிந்து கால் முறிந்தால், தீ சுட்டால், பாம்பு தீண்டினால் முதலில் ஓடுகிறவர் அவர்தான். இரண்டு மூங்கிலையும் ஒரு சாக்கையும் வைத்து நிமிஷத்தில் தூக்குக்கட்டில் செய்துவிடுவார். எங்களைப் போன்ற பிள்ளைகளை நிறுத்தி, முறிந்த காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மனைவி இருக்கிறார். வயது தொண்ணூறை நெருங்குகிறது.

நம் விழாக் குழுத் தோழர் ஒருவர் நோட்டீசுக்கு எழுதிக்கொண்டு வந்த வாசகம், "கொரிய யுத்தத்தில் எதிரிகளின் நடுவே வானிலிருந்து குதித்த வீரர்" என்றிருந்தது. பாட்டா இருந்திருந்தால் அந்த நோட்டீசைக் கிழித்திருப்பார். நான் சிறுவனாக இருந்தபோது அதையே அவரிடம் கேட்டேன். "இல்லை மக்களே, கொரியாவில் நான் குதிக்கவில்லை. குதித்தது பன்னிரண்டு பேர். நான் தேகு ஊரில் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டிருந்தேன்" என்றார். இதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதில்லை. கதையைக் கூட்டிச் சொல்லி மரியாதை வாங்குவதற்குத்தான் அவர் வெட்கப்பட்டிருப்பார்.

அந்தப் படைப்பிரிவு செய்தது என்ன?

பீல்டு ஆம்புலன்ஸ் என்றதும் மணியடித்துக்கொண்டு ஓடும் ஒரு வண்டி என்று நினைக்கலாகாது. போர்முனைக்குப் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருக்கும் ஓர் ஆஸ்பத்திரிப் படை அது. டாக்டர், ஆர்டர்லி, ஸ்ட்ரெச்சர் தூக்குபவர், டிரைவர், சமையல்காரர் எல்லோரும் அதில் உண்டு. 60ஆவது பிரிவில் முந்நூறுக்கு மேற்பட்டோர் இருந்தனர். தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் என்ற தமிழர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 152ஆவது இந்திய பாராசூட் பட்டாளத்தின் டாக்டராக இருந்தவர். பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் என்று ராணுவ வரலாறு குறிக்கும் இருவரில் இவர் ஒருவர். மற்றவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்.

கொரிய யுத்தம் 1950 ஜூன் 25இல் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் இந்தப் பிரிவு பூசான் துறைமுகத்தில் இறங்கியது. சீனப் படை முன்னேறி வர, ஐக்கிய நாடுகள் சபையின் பெயரில் போரிட்ட படைகள் அடுத்த மாதமே பியோங்யாங்கைவிட்டுப் பின்வாங்கின. மருத்துவச் சாமான்களை ஏற்ற வண்டி இல்லை. விட்டுவிட்டு வா என்பது கட்டளை. அவற்றை விட்டால் வேறு கிடைக்காது. சாமான் இல்லாத ஆஸ்பத்திரிப் படை எதற்கு? எங்கோ நின்றிருந்த ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார்கள். படையில் எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் வரிசையாக நின்று, கைக்குக் கை வாளி மாற்றி, கொதிகலனில் தண்ணீர் நிரப்பினார்கள். சாமான்களையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு, ஆற்றுப்பாலம் தகர்க்கப்படுமுன் அதைக் கடந்துவிட்டார்கள்.

ரயில்வேயில் வேலை செய்கிறவன் என்பதால் இந்த இடத்தில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. தண்ணீர்க்குழாய் இல்லாமல், வாளி வாளியாக ஊற்றி ஓர் எஞ்சினை நிரப்புவது எவ்வளவு பெரிய பாடு என்பதைப் பழைய நீராவிக் காலத்து டிரைவர்களிடம் கேட்டிருக்கிறேன். அதைச் செய்தது மெடல் வாங்கிய ஒருவர் அல்ல. வரிசையில் நின்ற அத்தனை கைகளும்தான்.

1951 மார்ச் 23 அன்று முன்சன் என்ற இடத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் பாராசூட் படையினர் குதித்தபோது, அவர்களோடு ரங்கராஜும் சேர்ந்து பன்னிரண்டு இந்தியர்கள் குதித்து, இறங்கிய இடத்திலேயே சிகிச்சை செய்தார்கள். படையின் மற்றொரு பகுதி தேகு நகரில் தங்கி, போரில் அடிபட்ட கொரிய ஊர் ஜனங்களுக்கும் மருத்துவம் பார்த்தது. நம் பாட்டா இருந்தது அங்கேதான். மூன்றாண்டுக்கு மேல் நடந்த அந்தப் பணியில் சிகிச்சை பெற்றவர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். அறுவைச் சிகிச்சைகள் 2,300க்கும் மேல். பிற்காலத்தில் ரங்கராஜ் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புக்குப் பாடுபட்டார். யுத்தம் முடிந்தாலும் அவர் கையிலிருந்த மருந்துப்பெட்டி கீழே இறங்கவில்லை.

எதிர்ப்புக்குப் பதில்

முதல் எதிர்ப்பு மிகவும் கனமானது. ஒரு மூத்த தோழர் எழுந்து கேட்டார்: "ஒவ்வோர் ஆகஸ்ட் 11ஆம் தேதியும் நாம் யாருக்கு மாலை போடுகிறோம்? 1954இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்களுக்கு. தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டதற்காகச் சுடப்பட்டவர்களுக்கு. அதே மேடையில் யூனிபாரம் போட்டவனுக்கும் மாலையா?"

சபை அமைதியாகிவிட்டது. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நெய்யாற்றின்கரையும் அந்தக் கோரிக்கையில் இருந்தது. 1956 நவம்பர் 1இல் கோடு போட்டபோது நான்கு தெற்குத் தாலூகாக்கள் அந்தப் பக்கம் போயின, நாம் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். அந்தக் காயம் நம் வீடுகளில் இன்னும் ஆறவில்லை.

ஆனால் தோழர்களே, யூனிபாரத்தைப் பார்ப்பதா, அதைப் போட்டவன் கை என்ன செய்தது என்று பார்ப்பதா? பாட்டா கொரியாவிலிருந்து திரும்பியதும் அதே 1954ஆம் ஆண்டுதான். குண்டடி பட்டவனைத் தூக்குவதே தொழிலாக இருந்த மனிதர், தம் சொந்த மண்ணில் குண்டடி பட்டவர்கள் கிடந்த செய்தியைப் பாசறையில் இருந்தபடி கேட்டார். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார் என்று அவர் மனைவி சொல்கிறார். துப்பாக்கி பிடித்த கையும் ஸ்ட்ரெச்சர் பிடித்த கையும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை நாம் மறந்தால், 1954இல் விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களையும் மறந்தவர்களாவோம்.

இரண்டாவது எதிர்ப்பு: "அது அமெரிக்காவின் யுத்தம், அதில் போனவனுக்கு நாம் ஏன் விழா எடுக்க வேண்டும்?" இதைச் சொன்ன இளம் தோழரின் அரசியல் உணர்வைப் பாராட்டுகிறேன். ஆனால் வரலாற்றை முழுதாகப் படிக்க வேண்டும். நேரு சர்க்கார் கொரியாவுக்குச் சண்டைப் படையை அனுப்ப மறுத்தது. அனுப்பியது மருத்துவப் படையை. 1950 அக்டோபர் தொடக்கத்தில், அமெரிக்கப் படை 38ஆம் அட்சரேகையைத் தாண்டினால் சீனா சும்மா இராது என்று சூ என்லாய் விடுத்த எச்சரிக்கையை உலகுக்கு எட்டவைத்தவர் பீக்கிங்கில் இந்தியத் தூதராக இருந்த கே. எம். பணிக்கர். யாரும் செவிசாய்க்கவில்லை, அதற்குப்பின் எத்தனை உயிர் போயிற்று! கைதிகள் பிரச்சினையில் வழி காண 1952இல் ஐ.நா. சபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் வி. கே. கிருஷ்ண மேனன். 1953 ஜூலை 27இல் போர் நின்றது.

இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. சமாதானத்துக்காகத் தூது போன இருவரும் மலையாளிகள். களத்தில் கத்தியும் கட்டுத்துணியுமாக நின்ற டாக்டர் தமிழர். ஒரே காரியத்தின் இரண்டு கை. இங்கே ரேஷன் கடை வரிசையில் "பாண்டி" என்று ஒருவன் நம்மை ஏசும்போதும், கோபத்தில் நாம் திருப்பி ஏசும்போதும், இதை இருவரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பு, "அவர் சண்டையே போடவில்லையே, வீரர் என்று எப்படிச் சொல்வது?" என்பது. இதற்கு நான் பதில் சொல்லவில்லை. சூளையில் கால் முறிந்து, பாட்டாவின் மூங்கில் கட்டிலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்த ஒரு தோழர் நம் செயற்குழுவிலேயே இருக்கிறார். வேட்டியை விலக்கித் தழும்பைக் காட்டினார். அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது.

எது மரியாதை?

ஆகவே மரியாதை செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எது மரியாதை?

உலகம் மறக்கவில்லை. தென்கொரிய அரசு 2020 ஜூலை மாதத்துக்குரிய போர் நாயகராக ரங்கராஜைத் தேர்ந்தெடுத்து அறிவித்தது. நம் நாடு அவருக்கு மகாவீர் சக்கரம் அளித்தது. தில்லி கன்டோன்மென்டில் 2021 மார்ச்சில் இந்திய-கொரிய நட்புறவுப் பூங்கா திறக்கப்பட்டது. எல்லாம் சரி. ஆனால் அந்தப் படையில் பிளாஸ்டர் போட்ட ஆர்டர்லியின் மனைவி எதைச் சாப்பிடுகிறார் என்று பூங்காவுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்களாகிய நமக்குத் தெரியும். தெரிந்தும் பொன்னாடையோடு நிறுத்திக்கொண்டால் குற்றம் நம்முடையது.

ஓய்வூதியம் இல்லாத, 65 வயதைத் தாண்டிய, ஹவில்தார் பதவி வரையிலான முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மத்திய அரசின் வறுமை நிவாரண உதவித்தொகை உண்டு. மாவட்ட சைனிக் அலுவலகம் வழியாகத் தில்லியிலுள்ள கேந்திரிய சைனிக் போர்டுக்கு மனுப் போக வேண்டும். மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பாட்டிக்கு அது இதுவரை ஒரு காசும் வரவில்லை. ஏன்?

நானே காகிதங்களை எடுத்துக்கொண்டு அலைந்தேன். ஓர் அலுவலகத்தில், "இவர் பட்டாளத்தில் சேர்ந்தபோது கொடுத்த விலாசம் இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே போ" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், "ரேஷன் கார்டு கேரளத்தில் இருக்கிறது, அங்கே போ" என்றார்கள். அவர் சேர்ந்தபோது இந்தக் கோடே கிடையாது! திருவிதாங்கூர்-கொச்சி என்று ஒரே ராஜ்யம். கோடு போட்டவர்கள் மேலே. அதில் கால் தடுக்கி விழுகிறவர் தொண்ணூறு வயதுக் கிழவி.

அடுத்தது பெயர். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு தமிழ் வழக்கப்படி ஒரு பெயர். ரேஷன் கார்டில் வீட்டுப் பெயரோடு மலையாள வழக்கப்படி ஒரு பெயர். ஆதாரில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று யார் சொல்வது? அதற்கும் மேல், அவர் கல்யாணம் செய்துகொண்டது பட்டாளத்தைவிட்டு வந்த பிறகு. ஆகையால் ராணுவ ரெக்கார்டில் மனைவி பெயரே இல்லை. அறுபது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவள், காகிதத்தில் யாரோ ஒருத்தி.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அல்ல. பாலராமபுரம் தறிக்கொட்டகையிலும், அமரவிளை, உதியன்குளங்கரை, தனுவச்சபுரம் பக்கத்துச் சூளைகளிலும், கட்டட வேலையிலும் இருக்கிற நம் குடும்பங்களில் எத்தனை தகரப்பெட்டிகளுக்குள் இத்தகைய புத்தகங்கள் மக்கிக்கொண்டிருக்கின்றன? 1971 டிசம்பர் 11 அன்று தாங்கைலில் பாராசூட்டில் குதித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும். நம்மவர் யாரேனும் அதில் இருந்தால், அவரைக் கண்டுபிடிக்க இன்னும் காலம் இருக்கிறது. பாட்டாவை நாம் உயிரோடு இருக்கும்போது மேடையேற்றவில்லை. அந்தத் தவறு ஒன்று போதும்.

நம் தீர்மானம்

ஆகவே நான் ஒரு திருத்தம் கொடுத்தேன். படத் திறப்பும் பொன்னாடையும் நடக்கட்டும். அதற்கு முன் பாட்டியின் மனு எல்லாக் காகிதங்களோடும் போய்ச் சேர வேண்டும். ரசீது எண்ணை மேடையில் படிக்க வேண்டும். நோட்டீசில் "எதிரிகளின் நடுவே குதித்தவர்" என்பதை அடித்துவிட்டு, "காயம்பட்டோரைக் காத்தவர்" என்று போட வேண்டும். திருத்தத்தோடு தீர்மானம் நிறைவேறியது.

பெயர் வித்தியாசத்துக்கு ஒரே ஆள் என்ற சான்றிதழுக்கு வில்லேஜ் ஆபீசில் மனுக் கொடுத்தாகிவிட்டது. கல்யாணத்துக்குச் சாட்சி சொல்ல, அன்று பந்தலில் சோறு உண்ட இரண்டு பெரியவர்களை விளவங்கோட்டில் தேடிப் பிடித்து, பிரமாணப் பத்திரம் வாங்கியிருக்கிறோம். லக்னோவிலுள்ள ராணுவ மருத்துவப் பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபால் போயிருக்கிறது. பணம் வந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வந்தால் இந்தப் பத்திரிகையிலேயே எழுதுவேன். வராவிட்டால் ஏன் வரவில்லை என்றும் எழுதுவேன்.

உறுப்பினர் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வீட்டில் பழைய தகரப்பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகமோ, மெடலோ, நம்பர் எழுதிய பழைய கடிதமோ இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மாலை வாசகசாலைக்குக் கொண்டுவாருங்கள். படை நம்பர் ஒன்று கிடைத்தால் போதும், மற்றதைத் தேடலாம். மதராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு ரெக்கார்டு ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. பாராசூட் ரெஜிமென்டின் மையம் பெங்களூரில் இருக்கிறது. எங்கே எழுதுவது என்று சங்கம் சொல்லும். அசல் காகிதத்தைத் தரகர் எவரிடமும் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடாதீர்கள். மெடலை எடைக்குப் போடாதீர்கள். பட்டாளத்தில் இருந்து வந்து, கல்யாணமான விவரத்தை ரெக்கார்டில் இன்னும் சேர்க்காதவர்கள், பெரியவர் உயிரோடு இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. அன்றிரவு கூட்டத்தைவிட்டு எழுந்து போன இரு தோழர்களில் ஒருவர், மூன்றாம் நாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சள் பை. உள்ளே அவருடைய சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகம். "விழாவுக்கு நான் இப்போதும் எதிர்ப்புத்தான் அண்ணாச்சி. ஆனால் சித்தி இருக்கிறாள், இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார்.

உட்காரச் சொல்லி, சாயா போடச் சொன்னேன். அவர் குடித்தார். இரண்டாவது மனு எழுதத் தொடங்கிவிட்டோம்.